வீணாகும் வெப்பத்தைக் காத்தவர் ஜேம்ஸ் வாட்

நீராவி என்றவுடன் நம் நினைவுக்கு வரும் பெயர் ஜேம்ஸ் வாட். அடுப்பில் கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைக் கண்ட சிறுவன் ஒருவன் நீராவிப் பொறியைக் கண்டுபிடித்தான் என்று சிறு வகுப்பிலேயே நாம் படித்திருக்கிறோம். கதை அழகானது, ஆனால் முழு உண்மையன்று. வாட் பிறப்பதற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1712ஆம் ஆண்டில், தாமஸ் நியூகோமன் என்ற இரும்பு வணிகர் இங்கிலாந்தில் நீராவிப் பொறியை இயக்கிக் காட்டிவிட்டார். நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து நீரை இறைக்க அது பயன்பட்டது.

அப்படியானால் வாட் செய்ததுதான் என்ன? ஏற்கெனவே இருந்த பொறியில் வெப்பம் எங்கே திருட்டுப் போகிறது என்று அவர் கண்டுபிடித்தார். சூடாக இருக்க வேண்டிய பாகம் எப்போதும் சூடாகவே இருக்க வேண்டும். குளிர வேண்டியது வேறிடத்தில் குளிர வேண்டும் என்பதே அவர் கண்ட நெறி. கேட்பதற்கு எளிய இந்த நெறியைக் கண்டறியவும், கண்டதைச் செய்து முடிக்கவும் அவர் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்த வாழ்க்கையை இங்கே காண்போம்.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடு ஆற்றின் கழிமுகத்தில் உள்ள துறைமுக ஊர் கிரீனாக். அங்கே 1736ஆம் ஆண்டு, அக்கால நாட்காட்டிப்படி ஜனவரி 19ஆம் நாள், ஜேம்ஸ் வாட் பிறந்தார். தந்தையின் பெயரும் ஜேம்ஸ் வாட்தான். கப்பல்களுக்கு வேண்டிய மரவேலைகளைச் செய்தும், கப்பற் பொருள்களை விற்றும், கடல் வாணிகத்தில் பங்கு கொண்டும் அவர் குடும்பத்தை நடத்தி வந்தார். அன்று அட்லாண்டிக் கடல் வாணிகம் அடிமைகளின் உழைப்போடு பின்னிக் கிடந்தது. அந்தக் களங்கத்திலிருந்து வாட் குடும்பமும் விலகி நிற்கவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

தாயார் ஆக்னஸ் மூர்ஹெட் கல்வியறிவு மிக்கவர். மகனோ நோஞ்சான் பிள்ளை. கடுமையான தலைவலி அவரை அடிக்கடி வாட்டியது. அதனால் ஒழுங்காகப் பள்ளிக்குச் செல்ல முடியவில்லை. தாயார் வீட்டிலேயே படிக்கக் கற்றுக் கொடுத்தார். தந்தை எழுத்தும் கணக்கும் கற்பித்தார். தந்தையின் பட்டறையில் ஒரு சிறு உலைக்களமும் சில கருவிகளும் சிறுவனுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டிருந்தன. விளையாட ஓடும் வயதில் அவர் கருவிகளைப் பிரித்துப் பூட்டிக் கொண்டிருந்தார். கெண்டியின் ஆவியைச் சிறுவன் நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்ததற்காக அத்தை கடிந்து கொண்ட செய்தி, பல ஆண்டுகள் கழித்து உறவுப் பெண் ஒருவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்பிலிருந்து வந்தது. அது நடந்திருக்கலாம். ஆனால் அந்தக் கெண்டியிலிருந்து உண்மையான கண்டுபிடிப்புக்குப் பல ஆண்டு வழி இருந்தது.

இளமையிலேயே தாய் இறந்தார். தந்தையின் தொழிலும் சரிந்தது. நுண்கருவிகள் செய்யும் தொழிலைக் கற்பது என்று முடிவு செய்து, 1755ஆம் ஆண்டில் வாட் இலண்டனுக்குச் சென்றார். தொழிற் சங்க விதிப்படி ஏழாண்டுகள் பயிற்சி பெற வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்கவும் வழியில்லை. செலவு செய்யப் பணமும் இல்லை. கடைசியில் ஜான் மார்கன் என்ற கைவினைஞர் இருபது கினி பெற்றுக்கொண்டு ஓராண்டில் கற்றுக் கொடுக்க இசைந்தார். பிறர் ஏழாண்டுகளில் கற்பதை ஓராண்டில் கற்க, வாட் இரவு பகலாக உழைத்தார். அரைவயிற்று உணவு; குளிர்ந்த பட்டறை. ஆண்டு முடிந்தபோது தொழில் கைவந்திருந்தது. ஆனால் உடல் நலம் கெட்டிருந்தது.

கிளாஸ்கோ நகரில் கடை வைக்க முயன்றபோது, ஏழாண்டுப் பயிற்சி இல்லாதவர் என்று கூறி அங்குள்ள சம்மட்டித் தொழிலாளர் சங்கம் தடுத்தது. அப்போது கைகொடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம். கடல் கடந்து வந்திருந்த வானியற் கருவிகள் சிலவற்றை வாட் அங்கே திறம்படச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தார். 1757ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு சிறு பட்டறை தரப்பட்டது. நகரச் சங்கத்தின் விதி அந்த மதிலுக்குள் செல்லாது. அந்தச் சிறு பட்டறை விரைவில் பேராசிரியர்களும் மாணவர்களும் கூடிப் பேசும் இடமாயிற்று. வேதியியல் அறிஞர் ஜோசப் பிளாக்கும், மாணவராயிருந்த ஜான் ராபிசனும் அவருக்கு வாழ்நாள் நண்பர்கள் ஆயினர்.

1763ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு வேலை அவரிடம் வந்தது. பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்கென நியூகோமன் பொறியின் சிறு மாதிரி ஒன்று இருந்தது. அது சரியாக ஓடவில்லை. செப்பனிட்டுத் தர வேண்டும் என்றார்கள். வாட் செப்பனிட்டார். பொறி ஓடியது, ஆனால் சில அடிகள் அடித்தவுடன் நின்றுவிட்டது. கொதிகலனில் உண்டான நீராவி அதற்குள் தீர்ந்து போயிற்று. வேறொருவராயிருந்தால், மாதிரிதானே, இது போதும் என்று திருப்பிக் கொடுத்திருப்பார். வாட் கொடுக்கவில்லை. இவ்வளவு சிறிய உருளைக்கு இத்தனை நீராவி ஏன் வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக் கொண்டது.

நியூகோமன் பொறி இயங்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம். ஓர் உருளைக்குள் பிஸ்டன் மேலேறும். அதன் கீழே நீராவி நிறையும். பிறகு உருளைக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி குளிர்ந்து ஒரு சில துளி நீராக மாறும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியிலுள்ள காற்று மண்டலத்தின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். இந்தத் தள்ளுதலே வேலை செய்யும். ஆனால் குளிர்ந்த நீர் நீராவியை மட்டுமா குளிர்விக்கிறது? உருளையின் உலோகச் சுவரையும் சேர்த்துக் குளிர்வித்துவிடுகிறது. அடுத்த முறை உள்ளே வரும் நீராவியின் பெரும்பகுதி, எந்த வேலையும் செய்யாமல், அந்தச் சுவரை மீண்டும் சூடாக்குவதிலேயே தன்னை இழந்துவிடுகிறது. வாட் அளந்து பார்த்தார். பொறி தின்னும் நீராவியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இவ்வாறு வீணாவதை அறிந்து திகைத்தார்.

உலோகம் வெப்பத்தை எளிதிற் கடத்தும்; மரம் அரிதிற் கடத்தும். எனவே மரத்தாலேயே ஓர் உருளை செய்து பார்த்தால் என்ன என்று எண்ணினார். ஆளி விதை எண்ணெயில் மரத்தை ஊற வைத்து, சூட்டில் உலர்த்தி, ஆறு அங்குல விட்டமுள்ள உருளை ஒன்றைச் செய்தார். வெப்ப இழப்பு சற்றுக் குறைந்தது. ஆனால் மரம் நீராவிக்கு நெடுநாள் தாங்காது என்று கண்டார். வெளியே போகும் வெப்பத்தை மட்டும் தடுத்தால் போதாது, உள்ளேயே நிகழும் குளிர்ச்சியையும் தடுக்க வேண்டும் என்பதும் தெளிவாயிற்று.

அடுத்து, நீராவியையே ஆராய்ந்தார். கொதிக்கும் கெண்டியின் மூக்கிலிருந்து ஒரு குழாய் வழியே நீராவியைக் குளிர்ந்த கிணற்று நீருக்குள் செலுத்தினார். ஒரு பங்கு எடையுள்ள நீராவி, தன்னைப் போல் ஆறு மடங்கு எடையுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு வியந்தார். கெண்டி உண்மையில் அவருக்குப் பாடம் சொன்னது இந்த நாளில்தான். தாம் கண்டதை நண்பர் பிளாக்கிடம் கூறினார். பிளாக் அதற்கு முன்பே தம் வகுப்புகளில் விளக்கி வந்த உள்ளுறை வெப்பம் என்னும் உண்மையே அது. ஒரு கிராம் நீராவி, தன் வெப்பநிலை சிறிதும் மாறாமல் கொதிநீராக மாறும்போதே 540 கலோரி அளவு வெப்பத்தை வெளியிடுகிறது என்று நாம் அறிவியல் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? அதுதான்.

இப்போது இக்கட்டு முழுவதும் விளங்கிற்று. வெற்றிடம் வேண்டுமானால் குளிர்விக்க வேண்டும். வெப்பம் வீணாகாதிருக்க வேண்டுமானால் குளிர்விக்கக் கூடாது. ஒரே உருளை ஒரே சமயத்தில் சூடாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பது எப்படி? இந்தக் கேள்வியோடு மாதக் கணக்கில் வாட் போராடினார்.

1765ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ நகரின் பசும்புல் வெளியில் அவர் தனியாக உலவிக் கொண்டிருந்தார். பெண்கள் துணி வெளுக்கும் பழைய கூடத்தைக் கடந்து, சிறிது தூரம் நடந்தார். அப்போதுதான் விடை பளிச்சிட்டது. நீராவி தானாகவே வெற்றிடத்தை நோக்கிப் பாயும் தன்மையுடையது. ஆகவே உருளைக்குப் பக்கத்தில் இன்னொரு கலனை வைத்து, இரண்டையும் ஒரு குழாயால் இணைத்து, அந்தக் கலனை மட்டும் குளிர வைத்தால், நீராவி அங்கே பாய்ந்து நீராகிவிடும். உருளை எப்போதும் சூடாகவே இருக்கும். குளிர்கலன் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். ஓய்வு நாளாகிய ஞாயிறன்று வேலை செய்வது அந்நாட்டு வழக்கமன்று. எனவே மறுநாள் வரை பொறுத்திருந்து, மருத்துவர்கள் பயன்படுத்தும் பெரிய பித்தளைப் பீச்சுக்குழல் ஒன்றையே உருளையாகக் கொண்டு முதல் மாதிரியைச் செய்து பார்த்தார். அது பலித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1764இல், வாட் தம் உறவினரான மார்கரெட் மில்லரை மணந்திருந்தார். பெகி என்று வீட்டில் அழைக்கப்பட்ட அந்தப் பெண்மணி, எளிதில் மனம் தளர்ந்துவிடும் கணவருக்கு ஊன்றுகோலாக விளங்கினார். ஆராய்ச்சிக்குச் செலவு பெருகியது. கடன் ஏறியது. கேரன் இரும்பு ஆலையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜான் ரோபக், கடனில் ஆயிரம் பவுனை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடிப்பின் உரிமையில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றார். காப்புரிமைக்காக வாட் இலண்டன் சென்று காத்திருந்த நாள்களில் சோர்வுற்றுக் கடிதம் எழுதினார். இந்தப் பொறி பலிக்காவிட்டால் வேறு ஏதாவது பலிக்கும், மனம் தளர வேண்டாம் என்று பெகி அவருக்கு மறுமொழி எழுதினார்.

1769ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. அந்த விவரக் குறிப்பின் முதல் விதியே நம் கவனத்துக்குரியது. பொறி இயங்கும் நேரம் முழுவதும் உருளையானது தன்னுள் வரும் நீராவியைப் போலவே சூடாக இருக்க வேண்டும் என்கிறது அது. அதற்கு மூன்று வழிகளையும் கூறுகிறது. முதலாவது, மரம் அல்லது வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் வேறு பொருளால் உருளையைப் போர்த்துவது. இரண்டாவது, உருளையைச் சுற்றி நீராவியையோ வேறு சூடான பொருளையோ இருக்கச் செய்வது. மூன்றாவது, நீராவியை விடக் குளிர்ந்த எதையும் அதனுள் நுழையவோ அதைத் தீண்டவோ விடாதிருப்பது. அடுத்த விதியில்தான் தனிக் குளிர்கலன் வருகிறது. வெப்பக் காப்பு என்று நாம் சொல்லும் கருத்து, வாட்டின் பொறியில் பிறகு ஒட்ட வைத்த ஒட்டு அன்று. அதுவே அதன் அடித்தளம்.

ஆனால் காகிதத்தில் எழுதியது இரும்பில் எளிதாக வரவில்லை. உருளையைச் சீராகக் குடையும் கருவி அன்று இல்லை. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே நீராவி கசிந்தது. தக்கை, எண்ணெய் தோய்ந்த துணி, காகிதம், குதிரைச் சாணம் என்று எதை எதையோ அடைத்துப் பார்த்தார். குடும்பத்தைக் காப்பாற்ற, கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளக்கும் வேலையை ஏற்றார். மழையிலும் காற்றிலும் மலைநாட்டில் அலைந்தார். 1773ஆம் ஆண்டில் ரோபக் நொடித்துப் போனார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், வடக்கே தொலைவில் நிலம் அளந்து கொண்டிருந்தபோது, மனைவிக்கு உடல்நலமில்லை என்ற செய்தி வந்தது. கொட்டும் மழையில் அவர் திரும்பி விரைந்தார். அவர் வந்து சேர்வதற்குள் பிள்ளைப்பேற்றின்போது பெகி இறந்துவிட்டார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. தாயில்லாத இரு பிள்ளைகளோடு, தோல்வியடைந்த ஒரு பொறியோடு, முப்பத்தேழு வயதில் வாட் நின்றார்.

இந்த இருளில் ஒளியாக வந்தவர் மாத்யூ போல்டன். பர்மிங்காம் நகருக்கு அருகே சோஹோ என்னுமிடத்தில் பெரிய தொழிற்சாலை நடத்தி வந்த அவர், ரோபக்கின் பங்கைக் கடனுக்கு ஈடாகப் பெற்றுக் கொண்டார். 1774இல் வாட் தம் பிள்ளைகளுடன் பர்மிங்காமில் குடியேறினார். வாட் தயங்குபவர், போல்டன் துணிபவர். வாட்டுக்கு வாணிகம் பிடிக்காது. போல்டனுக்கு அது கைவந்த கலை. 1775இல் பாராளுமன்றம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்தது. அதே காலத்தில் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலை அதிபர், பீரங்கி குடைவதற்கென அமைத்த கருவியைக் கொண்டு உருளைகளைச் சீராகக் குடையும் வழியைக் கண்டார். ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையிலும் பழைய ஷில்லிங் நாணயம் ஒன்றின் கனத்துக்கு மேல் பிழை இல்லை. பல்லாண்டுத் தொல்லை தீர்ந்தது. 1776ஆம் ஆண்டில் வாட்டின் முதல் பெரும் பொறிகள் ஓடத் தொடங்கின. அவ்வாண்டிலேயே அவர் ஆன் மெக்ரிகர் என்ற பெண்மணியை மறுமணம் புரிந்தார்.

பொறிக்கு அவர்கள் கூலி வாங்கிய முறை வியப்பானது. பழைய பொறியோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் போதும் என்றனர். மிச்சம் இல்லையேல் கூலியும் இல்லை. பொறி எத்தனை முறை அடித்தது என்று எண்ணுவதற்குப் பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்காட்டியும் வைத்தனர். கார்ன்வால் பகுதியில் செம்பும் வெள்ளீயமும் கிடைக்கும் ஆழமான சுரங்கங்கள் இருந்தன. ஆனால் அங்கே நிலக்கரி கிடையாது. கப்பலில் வர வேண்டும். ஆகவே வாட்டின் பொறிக்கு அங்கே பெரும் வரவேற்பு இருந்தது. பழைய பொறிக்கு வேண்டிய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே இதற்குப் போதுமானதாயிருந்தது. வீணாகாமல் தடுக்கப்பட்ட வெப்பமே அவர்களுக்குப் பொருளாக வந்தது எனலாம்.

பின்னர், நீர் இறைக்க மட்டும் பயன்பட்ட பொறி ஆலைச் சக்கரத்தையும் சுழற்றத் தொடங்கியது. 1781இல் சுழலும் இயக்கத்துக்கான அமைப்பு, 1782இல் பிஸ்டனை இருபுறமும் தள்ளும் அமைப்பு, 1784இல் இணை இயக்க அமைப்பு, 1788இல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு குதிரை செய்யும் வேலையை அளந்து, குதிரைத் திறன் என்னும் அளவை நிலைநாட்டியவரும் அவரே.

இந்தப் பெரிய செயல்களுக்கு நடுவே அதிகம் பேசப்படாத ஒரு சிறு செயலும் உண்டு. 1784ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், தாம் எழுதும் அறையை நீராவியால் சூடாக்க வாட் முயன்றார். அறை 18 அடி நீளம், 14 அடி அகலம், எட்டரை அடி உயரம். ஈயம் பூசிய இரும்புத் தகடுகள் இரண்டை ஓர் அங்குல இடைவெளியில் இணைத்து, மூன்றரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தட்டையான பெட்டி ஒன்றைச் செய்தார். அதைத் தரைக்கருகே நிமிர்த்தி வைத்தார். கீழறையிலிருந்த கொதிகலனிலிருந்து ஒரு குழாய் பெட்டியின் அடிப்பக்கம் வந்து சேர்ந்தது. நீராவி அந்தக் குழாய் வழியே ஏறும். பெட்டியில் தன் உள்ளுறை வெப்பத்தை விட்டுவிட்டு நீராகும். அந்த நீர் அதே குழாய் வழியே கொதிகலனுக்கு இறங்கும். உள்ளேயிருக்கும் காற்று வெளியேற ஒரு திருகு குழாயும் இருந்தது.

அவர் எதிர்பார்த்த அளவுக்கு அறை சூடேறவில்லை. பளபளப்பான தகடு வெப்பத்தை மிகக் குறைவாகவே வீசும் என்ற உண்மை அப்போது நன்கு விளங்கியிருக்கவில்லை. ஆயினும் முயற்சி வீண் போகவில்லை. போல்டன் - வாட் நிறுவனம் பின்னர் ஆலைகளுக்கு நீராவியால் வெப்பமூட்டும் வேலையையும் மேற்கொண்டது. சால்ஃபோர்டு நகரிலிருந்த ஒரு பஞ்சாலையில், கட்டடத்தைத் தாங்கிய உள்ளீடற்ற வார்ப்பிரும்புத் தூண்களே நீராவிக் குழாய்களாகவும் பயன்பட்டன.

அந்தச் சிறு பெட்டியின் வழித்தோன்றல்களைப் பார்க்க விரும்புபவர்கள் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ போன்ற குளிர்நாட்டு நகரங்களின் பழைய வீடுகளுக்குச் செல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டப்பட்ட பல வீடுகளில், நிலவறையில் ஒரு கொதிகலன் இருக்கும். நீராவி மிகக் குறைந்த அழுத்தத்தில் குழாய்கள் வழியே ஏறி, ஒவ்வோர் அறையிலும் உள்ள வார்ப்பிரும்புக் கதிர்வீசியைச் சூடாக்கும். ஒற்றைக் குழாய் முறையில், வாட் செய்தது போலவே, ஏறுவதும் இறங்குவதும் ஒரே குழாய் வழியாகத்தான்.

இத்தகைய வீட்டில் நிலவறைக் குழாய்கள் போர்வையின்றிக் கிடந்தால் என்ன நேரும்? நியூகோமன் உருளையில் நேர்ந்ததேதான். நீராவி அறைக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே குளிர்ந்து நீராகிவிடும். யாரும் இல்லாத நிலவறை புழுங்கும். மேல்மாடியின் கோடியறை நடுங்கும். வழியில் தேங்கிய நீரை வேகமாக வரும் நீராவி அள்ளி மோத, சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை வீடெங்கும் கேட்கும். எரிபொருள் செலவோ ஏறிக்கொண்டே போகும்.

இதைத் தடுக்கக் குழாய்களுக்கு உறை போடுகிறார்கள். கண்ணாடி இழையால் ஆன, ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல் தடித்த, நீளவாக்கில் பிளந்த உறையைக் குழாயின் மேல் பொருத்தி மூடுவார்கள். இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. காற்று அரிதிற் கடத்தி அல்லவா? வளைவுகளையும் இணைப்புகளையும் விடாமல் மூட வேண்டும். நீராவியின் சூட்டைத் தாங்காத நுரைப் பொருள்களைப் பயன்படுத்தக் கூடாது. காற்றுப் போக்கிகளை மூடிவிடவும் கூடாது. காற்று வெளியேறாவிட்டால் நீராவி உள்ளே வர முடியாது. கதிர்வீசிக்கோ உறை வேண்டியதில்லை. வெப்பம் வெளிப்பட வேண்டிய இடம் அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அப்பழைய வீடுகளில் பல குழாய்கள் முன்பே வெண்ணிறப் பூச்சுப் போன்ற உறையால் மூடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். தீப்பிடிக்காத நல்ல காப்புப் பொருள் என்று ஒரு காலத்தில் எல்லாரும் அதை விரும்பினர். அதன் நுண்ணிழைகளைச் சுவாசித்தால் நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரும் என்று இருபதாம் நூற்றாண்டில் தெரியவந்தது. ஆகவே அதைக் கண்டால் தொடவோ உடைக்கவோ கூடாது; பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும். வெப்பத்தைக் காக்கப் போய் உயிரை இழக்கக் கூடாது அல்லவா?

மீண்டும் வாட்டிடம் வருவோம். அவரிடம் குறைகளும் இருந்தன. தம் காப்புரிமையை விடாப்பிடியாகப் பற்றிக் கொண்டு, பொறியைத் திருத்த முயன்ற பிறர்மீது வழக்குத் தொடுத்தார். உயர் அழுத்த நீராவி ஆபத்தானது என்று கருதி அதை எதிர்த்தார். 1800இல் காப்புரிமை முடிந்த பிறகே அத்துறை தடையின்றி வளர்ந்தது. ரயில் வண்டிக்கு வழி திறந்தது. பெரியவர்களின் வாழ்விலும் இத்தகைய நிழல்கள் உண்டு.

துன்பமும் அவரை விடவில்லை. இரண்டாம் மணத்தில் பிறந்த அருமை மகள் ஜெசி, 1794இல் காசநோயால் இறந்தாள். அந்தத் துயரில் வாட் முடங்கிவிடவில்லை. வாயுக்களைச் சுவாசிக்கச் செய்து நுரையீரல் நோய்களைத் தீர்க்க முடியுமா என்று ஆராய்ந்து வந்த மருத்துவர் தாமஸ் பெடோசுக்கு வேண்டிய கருவிகளைத் தாமே வடிவமைத்துக் கொடுத்தார். தம் மகளைக் காப்பாற்ற முடியாதவர் பிறர் பிள்ளைகளுக்காக உழைத்தார். அந்த மருத்துவம் பலிக்கவில்லை. 1804இல் மகன் கிரெகரியும் அதே நோய்க்கு இரையானார்.

1800ஆம் ஆண்டில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற வாட், ஹேண்ட்ஸ்வொர்த்தில் இருந்த தம் வீட்டு மாடியறையைப் பட்டறையாக்கிக் கொண்டு, சிலைகளைப் படியெடுக்கும் பொறி ஒன்றைச் செய்வதில் காலம் கழித்தார். நண்பர் போல்டன் 1809இல் மறைந்தார். 1819ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், எண்பத்து மூன்றாம் வயதில், வாட் உயிர் நீத்தார். ஹேண்ட்ஸ்வொர்த்துத் தேவாலயத்தில், போல்டனை அடக்கம் செய்த அதே இடத்தில் அவரையும் அடக்கம் செய்தனர். அவரது மாடிப் பட்டறை 1924இல் அப்படியே பெயர்த்தெடுக்கப்பட்டு இலண்டன் அறிவியல் காட்சிச்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. கிளாஸ்கோவில் அவர் செப்பனிட்ட அந்தச் சிறு மாதிரியும் பல்கலைக்கழகக் காட்சிச்சாலையில் பாதுகாக்கப்படுகிறது.

1889ஆம் ஆண்டில் திறனின் அலகுக்கு வாட் என்று அவர் பெயரையே அறிஞர்கள் சூட்டினர். நம் வீட்டு விளக்கிலும் விசிறியிலும் சலவைப் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும் பெயர் அதுவே. ஒரு குதிரைத் திறன் ஏறத்தாழ 746 வாட் ஆகும்.

தோழியரே, நோஞ்சான் பிள்ளையாய்ப் பிறந்து, பள்ளிக்கு ஒழுங்காகப் போக முடியாமல், கடனிலும் சாவிலும் அடிபட்டு, அடிக்கடி மனம் தளர்ந்தவர் ஜேம்ஸ் வாட். அவர் வேறெவரும் காணாத புதுமை எதையும் வானத்திலிருந்து கொண்டு வரவில்லை. எல்லார் கண்முன்னும் வீணாகிக் கொண்டிருந்த ஒன்றைக் கவனித்தார்; எவ்வளவு வீணாகிறது என்று அளந்தார்; அது வீணாகாதிருக்க வழி கண்டார். ஒளி தேவையில்லாத அறையில் எரியும் விளக்கையும், மூடியின்றிக் கொதிக்கும் பாத்திரத்தையும் நாம் நாள்தோறும் பார்க்கிறோம். இனிப் பார்க்கும்போது, சில அடிகள் அடித்து நின்றுபோன அந்தச் சிறு பொறியின் முன் வியந்து நின்ற கிளாஸ்கோப் பட்டறைக்காரரை நினைத்துக் கொள்வோம். விளக்கை அணைப்பதற்கும் பாத்திரத்தை மூடுவதற்கும் நமக்கு ஒரு நொடி போதும்.